சிறுவர் பாடலில் பன்மையும் மனவுணர்வும்: ஒரு மதிப்பீடு

ஒரு மொழியின் இலக்கிய வளத்தை அளக்கப் புகும்போது பெருங்காப்பியங்களையே நாம் முதலில் எடுத்து வைக்கிறோம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களைக் கொண்டது என்று எண்ணிச் சொல்வதில் நமக்குப் பெருமிதம் உண்டு. அது நியாயமான பெருமிதமே. ஆனால், அதே மொழியில் ஐந்து வயதுக் குழந்தைக்காக எழுதப்பட்ட எட்டு வரிப் பாடலை எடுத்து வைத்துக்கொண்டு, இது நல்ல கவிதைதானா என்று நம்மில் எவரும் விவாதிப்பதில்லை. சந்தம் இருக்க வேண்டும், நீதி இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு படம் இருக்க வேண்டும். அவ்வளவு போதும் என்று விட்டுவிடுகிறோம். திறனாய்வாளரின் கண் படாத துறையில் தரம் தானாக உயர்ந்துவிடுவதில்லை.

படங்களோடு கூடிய சிறுவர் கவிதை நூல்கள் இன்று பல நாடுகளில் இரண்டு நோக்கங்களை வெளிப்படையாக முன்வைத்து வெளிவருகின்றன. மனிதரிடையே உள்ள பன்மையைக் கொண்டாடுவது ஒன்று. குழந்தையின் அச்சம், துயரம், பொறாமை, மகிழ்ச்சி ஆகியவற்றுக்குச் சொல் கொடுப்பது மற்றொன்று. இதனை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோரும், புதுமை என்ற ஒரே காரணத்துக்காகப் போற்றுவோரும் நம்மிடையே உளர். இரு சாராரும் நம் சொந்த மரபைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து. ஆகவே, தமிழ்ச் சிறுவர் பாடல்களின் முன் இரண்டு எளிய வினாக்களை வைத்துப் பார்ப்போம். பாட்டுக்குள் எந்தக் குழந்தைகள் வருகிறார்கள்? அங்கே வரும் குழந்தை எதை உணர அனுமதிக்கப்படுகிறது?

அபூ உமைரின் குருவி

இவ்வினாக்களுக்கான உரைகல் ஒன்றை ஹதீஸ் இலக்கியமே நமக்குத் தருகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி அது. அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு சின்னஞ்சிறு தம்பி இருந்தார். விளையாடுவதற்கென ஒரு சிறு குருவியை அவர் வைத்திருந்தார். அக்குருவி இறந்துபோனது. அவ்வீட்டுக்கு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அச்சிறுவரைப் பெயர் சொல்லி அழைத்து, உன் குருவிக்கு என்னவாயிற்று என்று வினவினார்கள்.

செய்தி இவ்வளவுதான். ஆயினும் அரபு மொழியில் அதன் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. சிறுவரின் பெயர் உமைர். குருவியின் பெயர் நுஃகைர். இரண்டும் ஓசையில் இயைகின்றன. வினவப்பட்ட வாக்கியமே எதுகை நயம் பெற்ற ஒரு சிறு பாட்டு வரியாக ஒலிக்கிறது. மேலும், இரண்டு சொற்களும் ‘தஸ்கீர்’ என்று அரபு இலக்கணம் கூறும் சிறுமை வடிவில் அமைந்தவை. தமிழில் குஞ்சு, குட்டி என்று கூட்டி நாம் காட்டும் செல்லத்தை அரபு மொழி சொல்லின் உருவத்துக்குள்ளேயே வைத்துக் காட்டிவிடும். அதே வேளையில், ‘அபூ’ என்ற முன்னொட்டு பெரியவர்களுக்கு மதிப்பளித்து வழங்கும் குன்யத் ஆகும். ஒரே விளியில் செல்லமும் மரியாதையும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

ஷாஃபிஈ மத்ஹபின் பழைய அறிஞர்களுள் ஒருவரான இப்னுல் காஸ் (ஹிஜ்ரி 335இல் மறைந்தவர்) இவ்வொரு ஹதீஸிலிருந்து 60 பயன்களை எடுத்துத் தனி ஏடாகவே எழுதினார். சட்ட நுட்பங்கள் பலவற்றை அவர் அதில் விளக்கியுள்ளார். நான் இங்கு எடுத்துக்கொள்வது இலக்கியத்துக்குரிய ஒரே பயனைத்தான். குழந்தையின் துயரம் பெரியவர் கண்ணுக்கு எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும், அது கேட்கப்பட வேண்டிய துயரமே. அங்கே உபதேசம் இல்லை; அழாதே என்ற கட்டளை இல்லை; வேறு குருவி வாங்கித் தருகிறேன் என்ற ஆறுதலும் இல்லை. பெயர் சொல்லி ஒரு கேள்வி மட்டுமே இருக்கிறது. சிறுவர் கவிதை செய்ய வேண்டிய வேலை என்னவென்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

பன்மை பற்றியும் நாம் வெளியே தேடிச் செல்ல வேண்டியதில்லை. மக்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் (30:22) எண்ணுகிறது. வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கூறுவதற்கும், அதனைப் பார்த்துச் சிந்திக்கத்தக்க அத்தாட்சி என்று கூறுவதற்கும் இடையே பெரும் தொலைவு உண்டு.

பிள்ளைத்தமிழின் கொடை

தமிழில் குழந்தையை நடுவில் வைத்துப் பாடிய மரபுகளுள் மூத்தது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பருவங்கள் வகுத்துப் பாடும் இவ்வகை, சமய எல்லைகளைத் தாண்டி வாழ்ந்த வகையுமாகும். முருகனுக்கும் மீனாட்சிக்கும் பிள்ளைத்தமிழ் பாடப்பட்ட அதே யாப்பில், 19ஆம் நூற்றாண்டில் செய்யிது அனபிய்யா புலவர் நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழைப் பாடினார். கிறித்தவப் புலவர்கள் குழந்தை இயேசுவைப் பாடினர். அமெரிக்க ஆய்வாளர் பவுலா ரிச்மன் 1997இல் வெளியிட்ட தமது நூலில் இம்மூன்று சமயத்தாரின் பிள்ளைத்தமிழ் நூல்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். ஒரு யாப்பு வடிவம் மூன்று சமயங்களின் வீட்டு முற்றங்களிலும் தவழ்ந்தது என்பது நம் மொழி பன்மையைக் கையாண்ட முறைக்குத் தக்க சான்று. முஸ்லிம் புலவர் பருவங்களைக் கைவிடவில்லை. தம் ஈமானையும் கைவிடவில்லை. நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம், நிலவு பிளந்த அற்புதத்தை அறிந்த வாசகனிடம் தனியொரு பொருள் பெற்றுவிடுகிறது.

ஆனால், நம் இரண்டாவது வினாவைக் கேட்டால் பிள்ளைத்தமிழ் மௌனமாகிவிடும். அது குழந்தையைப் பற்றிய இலக்கியம். குழந்தைக்கான இலக்கியமாக அது எழுதப்படவில்லை. அங்கே உணர்வு முழுவதும் பாடும் தாய்க்கே உரியது. குழந்தை கை தட்டும், முத்தம் தரும், சிற்றில் சிதைக்கும். ஆனால் அது எதற்கு அழுகிறது என்று எவரும் கேட்பதில்லை. பாடப்படுபவர் இறைத்தூதராகவோ தெய்வமாகவோ இருக்கும்போது அப்படிக் கேட்பதற்கு அங்கே இடமும் இல்லை. எனவே, குழந்தையின் குரலைத் தேடி நாம் 20ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

பாரதி முதல் வள்ளியப்பா வரை

உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்தில்தான் 1882இல் பாரதி பிறந்தார். அவருடைய பாப்பாப் பாட்டு, 1915இல் சுப்பிரமணிய சிவா நடத்திய ஞானபாநு இதழில் வெளிவந்தது. வ.உ.சி.யோடு தூத்துக்குடிக் கடற்கரையில் மேடையேறிய அதே சிவாதான் அவர். அக்காலச் சூழலில் ஒரு குழந்தையை நேராக விளித்து, ஓடு, விளையாடு என்று தொடங்கியதே ஒரு புரட்சி. கோழி, பசு, நாய் என்று உயிர்களை உறவாக்கிக் காட்டியது அதனினும் அழகு. சாதிப் பிரிவை மறுக்கும் அதன் குரல் இன்றும் தேவைப்படுகிறது.

எனினும், இரு வினாக்களையும் அதன் முன் வைத்தால் எல்லைகள் தெரிகின்றன. பாரதி பன்மையை அணுகும் வழி மறுப்பு வழி: பிரிவுகள் இல்லை என்கிறார். தீமையை மறுக்க அது போதும். வேறுபட்ட ஒரு குழந்தையின் முகத்தைக் காண அது போதாது. உணர்வை அணுகும் வழியோ கட்டளை வழி. பயம் கொள்ளக் கூடாது, துன்பம் வந்தால் தளரக் கூடாது என்று பாப்பாவுக்குச் சொல்லப்படுகிறது. அடிமை நாட்டில் வளரும் பிள்ளைக்கு அது தக்க மருந்தே. ஆனால், பாப்பா எதற்கு அஞ்சியது என்ற கேள்வி அங்கே எழவில்லை. அபூ உமைரிடம் கேட்கப்பட்ட கேள்வி பாப்பாவிடம் கேட்கப்படாமலே போயிற்று.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இவ்விடத்தில் வேறொரு பாதையைக் காட்டுகிறார். பசுவும் கன்றும் பற்றிய அவருடைய சின்னஞ்சிறு பாடலில் அறிவுரை என்று ஒரு சொல்லும் இல்லை. மேயும் பசு, துள்ளி வரும் கன்று, நாவால் நக்கும் தாய், பால் குடிக்கும் சேய். கண்ணுக்குத் தெரிவது மட்டுமே சொல்லப்படுகிறது. பாசம் என்ற பெயர் வராமலே பாசம் வந்துவிடுகிறது. ஓவியர் ஒருவர் தனியே படம் வரையாவிட்டாலும் அப்பாடல் படமாகவே குழந்தையின் மனத்தில் பதிகிறது. தமிழ்ச் சிறுவர் பாடலில் மனவுணர்வுக்கு இடம் தேடுவோர் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்பேன்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) இத்துறைக்கு வாழ்நாளையே ஈந்தவர். 1944இல் வந்த மலரும் உள்ளம் தொகுதியும், 1950இல் அவர் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கமும் சிறுவர் இலக்கியத்துக்குத் தனி மதிப்பை ஈட்டித் தந்தன. தட்டில் இருந்த எட்டு லட்டுகளை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் அவருடைய பாடலை அறியாத தமிழ்க் குழந்தை அரிது. கணக்கும் சந்தமும் வேடிக்கையும் அங்கே சரிபாதியாகக் கலந்துள்ளன. லட்டு தின்ற பிள்ளைகள் கிட்டுவும் பட்டுவும். சந்தம் கேட்ட பெயர்கள் அவை. அதில் குறை காண்பது முறையன்று. ஆனால், பாத்திமாவும் அந்தோணியும் அத்தட்டின் அருகே உட்காரும் பாடல் எது என்று காயல்பட்டினத்துக் குழந்தையோ புன்னைக்காயல் குழந்தையோ கேட்டால், உடனே எடுத்துக் கொடுக்க நம் நினைவில் எத்தனை பாடல்கள் இருக்கின்றன?

பிறை, சிலுவை, திலகம்

பன்மையைக் காட்டுவதாகக் கருதி நம் நாட்டில் வழக்கமாக வரையப்படும் படம் ஒன்று உண்டு. பள்ளிச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் அதனைக் கண்டிருப்போம். மூன்று சிறுவர்கள் கைகோத்து நிற்பார்கள். ஒருவன் தலையில் தொப்பி, ஒருவன் கழுத்தில் சிலுவை, ஒருவன் நெற்றியில் திலகம். நோக்கம் நல்லதே. ஆனால், தொப்பியைக் கழற்றிவிட்டால் அந்த முஸ்லிம் சிறுவனிடம் மிஞ்சுவது என்ன? அவனுக்கு ஒரு பெயர் இல்லை, ஒரு பூனைக்குட்டி இல்லை, தங்கையிடம் ஒரு சண்டை இல்லை. அடையாளம் இருக்கிறது; ஆள் இல்லை. பன்மையைக் கொண்டாடும் பாடல்களும் பெரும்பாலும் இப்படத்தின் உரையாகவே முடிந்துவிடுகின்றன. உணர்வு இல்லாத இடத்தில் பன்மை வெறும் உடை வேறுபாடாகச் சுருங்கிவிடுகிறது. நம் இரு வினாக்களும் உண்மையில் ஒரே வினாவின் இரு பாதிகள் என்பது இங்கேதான் விளங்குகிறது.

இதற்கு மாற்றாகச் சென்னையின் துளிகா பதிப்பகம் 2007இல் வெளியிட்ட இரு நூல்களைக் குறிப்பிடலாம். இரண்டும் உரைநடைக் கதைகளே. ஆயினும் கவிதை நூல் செய்வோர் அவற்றிடம் கற்க வேண்டியது உண்டு. முதலாவது, ஃபௌஸியா கிலானி எழுதி ப்ரோய்தி ராய் படம் வரைந்த, இஸ்மத் என்பவரின் பெருநாளைப் பற்றிய கதை. துருக்கியக் கதை ஒன்றின் மறுவடிவம் அது. செருப்பு தைப்பவர் பெருநாளுக்குத் தமக்கு வாங்கிய காற்சட்டை நீளமாகிவிட, அதனைக் குறைத்துத் தைத்துத் தரக் கேட்கிறார். முதலில் ஒவ்வொருவருக்கும் வேலை. பின்னர் ஒவ்வொருவரும் மனமிரங்கித் தனித்தனியே வெட்டிவிட, காற்சட்டை முழங்காலுக்கு ஏறிவிடுகிறது. முஸ்லிம் குடும்பம் இங்கே ஒரு பாடமாகவோ சிக்கலாகவோ காட்டப்படவில்லை. சிரிக்கவும் அன்பு செலுத்தவும் தெரிந்த ஒரு வீடாக நிற்கிறது. எந்தச் சமயத்துக் குழந்தையும் இஸ்மத்தைப் பார்த்துச் சிரிக்கும். அச்சிரிப்பில் ஏளனம் இராது.

இரண்டாவது, நினா சப்னானியின் முகுந்த் – ரியாஸ் நட்புக் கதை. 1947இன் பிரிவினையில் கராச்சியை விட்டுக் கப்பலேறும் ஒரு சிறுவனும், அவனை வழியனுப்பும் தோழனும் அதன் மாந்தர். துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் பெண்களின் கைவினை முறையிலேயே படங்கள் அமைந்துள்ளன. கிழிந்த நாட்டை ஒட்டுத் துணியால் சொல்லியது ஓவியத்தின் நுட்பம். சமய ஒற்றுமை என்ற சொல்லைவிட, ஒரு துறைமுகத்தில் பிரியும் இரு சிறுவரின் வலி அதிகம் கற்பிக்கிறது.

ஓவியம் கூடுமா?

நம் வாசகர்களிடம் ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது மார்க்க வினாவைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. உயிருள்ளவற்றின் உருவம் வரைவது குறித்து ஃபுகஹாக்களிடையே விரிவான கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு அறிஞர்களுள் பெரும்பாலோர் சலுகை அளித்தமைக்கு அதுவே ஆதாரம்.

வரலாறும் ஒன்று கூறுகிறது. இப்னுல் முகஃப்பஃ அரபாக்கிய கலீலா வ திம்னாவின் முன்னுரையிலேயே, விலங்குகளின் வண்ண உருவங்கள் நூலின் நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளன. நம் பஞ்சதந்திரம்தான் பாரசீகம் வழியாக அங்கே சென்றது. அரபிக் கல்லூரிகளில் நாம் பாடமாக ஓதும் ஹரீரியின் மகாமாத்துக்கு, ஹிஜ்ரி 634இல், அதாவது 1237இல், யஹ்யா அல்வாஸிதி படங்கள் வரைந்தார். அப்பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அதிலுள்ள ஒட்டகக் கூட்டத்தின் படத்தை என் மாணவர்களிடம் காட்டியபோது முதலில் எழுந்தது, இது கூடுமா என்ற வினா. சற்று நேரம் கழித்து ஒரு மாணவர், ஒவ்வொரு ஒட்டகமும் ஒவ்வொரு மனநிலையில் இருக்கிறது என்றார். ஓவியத்தைப் பற்றிய நல்ல திறனாய்வு அது.

உருவம் வரையத் தயங்குவோருக்கும் வழி அடைபடவில்லை. வாசற்படியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, காய்ந்துகொண்டிருக்கும் வலை, கரையில் கவிழ்த்து வைத்த வள்ளம் ஆகியவை முகமின்றியே துயரையும் காத்திருப்பையும் சொல்லும். படம் பாடலைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பாடல் சொல்லாமல் விட்டதைச் சொன்னால் போதும். லட்டு என்று பாட்டில் வந்ததும் பக்கத்தில் லட்டு வரைவதோடு தம் கடமை முடிந்தது என்று கருதும் ஓவியரைப் பதிப்பாளர்கள் ஊக்குவிக்கலாகாது.

முத்துக் கடற்கரையின் குழந்தை

இவ்வளவும் கூறியபின் நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் இக்கரை பன்மையை நூலில் படித்துக் கற்ற கரையன்று. காயல்பட்டினத்தின் பள்ளிவாசல்களும், திருச்செந்தூர் முருகன் கோவிலும், மணப்பாட்டின் திருச்சிலுவை ஆலயமும், குலசேகரன்பட்டினத்தின் தசராவும், தூத்துக்குடிப் பனிமய மாதா கோவிலும் ஒரே கடலின் காற்றில் நிற்கின்றன. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் பரதவரும் முஸ்லிம்களும் அதே பாரில் மூழ்கினர். நீரடியில் இருப்பவனின் உயிர், படகில் கயிற்றைப் பிடித்திருப்பவனின் கையில் இருந்தது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. சங்கு குளிப்போர் இன்றும் கடலுக்குச் செல்கின்றனர்.

இக்கரைக் குழந்தையின் மனம் எவற்றால் நிரம்பியிருக்கிறது? கடலுக்குப் போன தந்தை எப்போது வருவார் என்ற கேள்வியால். கொழும்பிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் வாப்பாவின் முகத்தைவிடக் குரலே நன்கு பழகிய நிலையால். வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்று வீட்டில் அழைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வேறு சொற்களை எழுதிப் பழகும் சிறு தடுமாற்றத்தால். உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் கால் ஏன் வெடித்திருக்கிறது என்ற ஐயத்தால். இவை ஒவ்வொன்றும் ஒரு கவிதை. ஊர்ப் பெருமையைப் பாட நம் கவிஞர்கள் முத்தைத் தேடுகிறார்கள்; முத்தெடுக்கச் சென்றவனின் பிள்ளை கரையில் நின்றதை அவர்கள் பாட வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கான அடித்தளம் முன்பே உண்டு. கலிமாவைத் தாலாட்டின் இசையில் இழைத்துப் பாடி உறங்கவைத்த உம்மாக்களின் மரபு அது. அரபுலகில் குழந்தையைத் தூக்கி ஆட்டிப் பாடும் ‘தர்கீஸ்’ பாடல்களுக்கு அது உடன்பிறப்பு. பால்குடிச் சகோதரி ஷைமா, குழந்தை முஹம்மதை (ஸல்) ஆட்டிப் பாடியதாக இலக்கிய நூல்கள் குறிப்பிடுகின்றன. தாலாட்டிலிருந்து மத்ரஸாப் பாடத்துக்குக் குழந்தை நேராகத் தாவிவிடுவதால் இடையில் ஒரு வெற்றிடம் விழுகிறது. தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தைக்கு நாம் தருவன பெரும்பாலும் கடமைகளின் பட்டியலைச் சந்தத்தில் அமைத்த பாடல்களே. அவை வேண்டும். ஆனால், அவை மட்டுமே போதுமா?

அதபு குன்றுமா?

உணர்வுகளைப் பேசவிட்டால் பிள்ளைகளின் ஒழுக்கம் தளரும் என்று அஞ்சுவோர், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவைப் புரட்டிப் பார்க்கலாம். பாடம் முடிந்தபின் குழந்தையை அழகிய விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் கல்வியில் வாட்டினால் அதன் உள்ளம் இறந்துவிடும் என்றும் அவர்கள் எச்சரிக்கிறார்கள். தம் மகன் இப்ராஹீமின் மரணத்தில் நபிகளார் (ஸல்) கண்ணீர் விட்டார்கள். அக்கண்ணீரை மறைக்கவும் இல்லை. பெரியவருக்கு இசைந்த அழுகை சிறுவருக்கு மட்டும் விலக்கப்படுவது எவ்வாறு?

அரபுக் கவிஞர்களும் இத்துறையைச் சிறுமையாகக் கருதவில்லை. கவியரசர் என்று போற்றப்பட்ட அஹ்மத் ஷவ்கி, 1898இல் வந்த தம் கவிதைத் தொகுதியிலேயே சிறுவருக்கான விலங்குக் கதைப் பாடல்களுக்கு இடமளித்தார். சிரியாவின் சுலைமான் அல்ஈஸா (1921–2013), 1967 போரின் தோல்விக்குப் பின் நம்பிக்கையைத் தேடிச் சிறுவர் கவிதையின் பக்கம் திரும்பினார். பெரியவர்களிடம் பேசி முடித்த கவிஞன் கடைசியில் பிள்ளைகளிடம் வந்தான்.

தமிழ் முஸ்லிம் கவிஞர்களிடமும் பதிப்பாளர்களிடமும் நாம் கேட்பது பெரிதன்று. கவிமணியின் கண்ணும், வள்ளியப்பாவின் சந்தமும், நம் வீட்டுச் சொற்களும் கொண்ட ஒரு மெல்லிய நூல். பாடல் சொல்லாததைச் சொல்லும் ஓவியங்கள். பாத்திமாவும் அந்தோணியும் கிட்டுவும் அடையாளச் சின்னங்களாக அல்லாமல், கோபமும் பயமும் சிரிப்பும் உடைய ஆட்களாக வரும் பக்கங்கள். அந்நூல் வெளிவரும்போது அதனை அளக்கும் கோல் நம்மிடம் இருக்கிறது. அதன் பக்கங்களுள் ஏதேனும் ஒன்றிலாவது ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, உன் குருவிக்கு என்னவாயிற்று என்று எவரேனும் கேட்கிறாரா என்று பார்த்தால் போதும்.